ஐந்தாவது தளவாய்

எனக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாய் கொஞ்சம் அதிகம். இந்த மூன்றையும் திருவனந்தபுரம் ஆரியசாலையில் யாராக இருந்தாலும் கேட்காமலே சொல்வார்கள். போன வெள்ளிக்கிழமை கரமனைப் பாலத்தில் நடந்தது நாலாவது. அதை ஊரார் கைகால் ஒட்டிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு ஃபோனால் வந்த வினை. எங்களுடையது பாத்திரக்கடை. விற்பதும் உண்டு, கல்யாண வீடுகளுக்கு அண்டா, வார்ப்பு, சருவமெல்லாம் வாடகைக்குக் கொடுப்பதும் உண்டு. பிப்ரவரி மாதம் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் என் ஃபோன் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்து எடுத்தேன். உயிர் வந்துவிட்டது, குரல் வரவில்லை. காதோடு ஒட்டி வைத்தால் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் சுத்த ஊமை. புதுசு வாங்கு என்றான் என் அண்ணன் தாணுலிங்கம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஃபோனை எந்தப் பைத்தியம் தூக்கிப் போடும்? காரில்தான் ப்ளூடூத் இருக்கிறதே, வண்டி ஓட்டும்போது அதில் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

கார் ஒத்துழைத்தால்தானே! எங்கள் வீடு கடைக்கு மேல்மாடியில். காரைப் பக்கத்துச் சந்தில் நிறுத்துவோம். காலையில் நான் வண்டியைக் கிளப்பிச் சாமி பாட்டைப் போட்டால், பாதிப் பாட்டில் தொண்டையைப் பிடித்த மாதிரி நின்றுவிடும். அடுத்த நொடி யாரோ ஒரு ஆள் கார் முழுக்க, "அண்ணாச்சி, நீங்க குடுத்து விட்ட வார்ப்புல ஓட்டையாக்கும்" என்று கத்துவான். அது மாடியில் அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிற வாய்ஸ் மெசேஜ். ஒருநாள் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். "இந்த வீட்டுல இனி உனக்கு இடமில்லை, வெளியே போடி!" என்று கார் அலறியது. சந்தில் உட்கார்ந்திருந்த, மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அது அண்ணன் பெண்டாட்டி, என் மைனி அஜிதா மாடியில் பார்த்துக்கொண்டிருந்த சீரியல். தெருவைத் தாண்டியதும் காரும் ஊமை, ஃபோனும் ஊமை.

ஒருநாள் பொறுமை போய் ஃபோனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டினேன். ரோட்டுக் கேமராவில் மாட்டினேன். வீட்டுக்கு வந்த நோட்டீஸில் என் படமும் இருந்தது. ஒரு கையில் ஃபோன், வாய் ஆவென்று திறந்திருக்கிறது. அண்ணன் அதை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தான். நோட்டீஸ் வந்த அன்றைக்கே பாப்பனங்கோட்டில் இருக்கிற ஆர்.எம். ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸுக்கு வண்டியை விட்டேன்.

அங்கே ஒரே ஒரு ஆள்தான். பெயர் ராஜமணி. பாறசாலைக்காரர். நாற்பத்தெட்டு வயது. மனைவி தவறி எட்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, ஸ்பானரைக் கூடக் கீழே போடாமல் மெதுவாக வைக்கிற ஆள் என்பது மட்டும்.

"என்ன கம்ப்ளெயின்ட்டு மேடம்?"

"காருக்கு என்னைக் கண்டா பிடிக்கல்ல."

அவர் சிரிக்கவில்லை. "எப்பம் தொட்டு?" என்று டாக்டர் மாதிரிக் கேட்டார்.

கார்த் திரையில் ஏற்கெனவே இணைத்த ஃபோன்களின் பட்டியலைத் திறந்தார். தளவாய். தளவாய். தளவாய். தளவாய். ஒரே ஃபோன் நாலு தடவை பதிவாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நாலையும் அழித்தார். என் ஃபோனை மட்டும் புதிதாக இணைத்தார். ஜோராக வேலை செய்தது. வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன்.

மறுநாள் காலையில், "என் ஃபோனைக் கார்லேந்து எவன் தூக்கினான்?" என்று அண்ணன் குதித்தான். குதித்துவிட்டு மறுபடி சேர்த்தான். மைனியும் சேர்த்தாள். கடை ஃபோனும் போய்ச் சேர்ந்துகொண்டது. மத்தியானம் நான் பாப்பனங்கோட்டில் நின்று காட்டுக்கூச்சல் போட்டுக்கொண்டிருந்தேன். என்னத்தைப் பழுது பார்த்தீர், இதற்கு ஒரு போர்டு வேறயா என்றெல்லாம் கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "மேடம், அப்ப இது நாலு வேற ஃபோனா?" என்றார்.

"பின்னே?"

"நாலுக்கும் ஏன் ஒரே பேரு?"

சொன்னேன். தளவாய் என்பது எங்கள் அப்பா. இந்தக் கடையைத் தொடங்கியவர். வாடகைக்குப் போகிற பாத்திரம் ஊர்ப்பட்ட கல்யாண வீட்டுப் பாத்திரங்களோடு கலந்துவிடும் என்பதால் எல்லாவற்றிலும் தன் பெயரை வெட்டி வைப்பார். "பேரு இருந்தா எங்க சுத்தினாலும் வீட்டுக்கு வந்துரும்" என்பார். அண்டாவில் தொடங்கியது கரண்டிக்கு வந்து, ஏணி, குடை, பாய், எலிப்பொறி வரைக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் அதற்குப் பெயர் தளவாய்தான். அப்பா போனபிறகு பேர் வெட்டுகிற மெஷினில் உட்காருவது நான். ஃபோனை மெஷினில் கொடுத்து வெட்ட முடியாது என்பதால் செட்டிங்ஸில் போய் வைத்தேன். நாலு ஃபோனுக்கும் வைத்தேன். காருக்கும் வைத்தேன். டெலிவரி வேனில் உள்ள ஸ்டீரியோவையும் விடவில்லை.

ராஜமணி சிரிக்க ஆரம்பித்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"காருக்குப் பேரெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. எது முன்னால கெடைக்கோ அதைப் பிடிச்சுக்கும். மனுஷனுக்காக்கும் பிரச்சனை. எதை அழிக்கணும், எதை வைக்கணும்னு உங்களுக்கே தெரியாதுல்லா? மத்த மூணு ஃபோனுக்கும் வேற பேரு வச்சிட்டு வாங்க."

"அது நடக்காது."

"அப்ப இதுவும் நடக்காது" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்குள் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்துவிட்டார். பழம்பொரி சூடாக இருந்தது. சூடான பழம்பொரியை வாயில் வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

அதன்பிறகு ஐந்து தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் நாலையும் அழிப்பார், என்னுடையதை மட்டும் சேர்ப்பார், சாயா வரும், பேச்சு வரும், நேரம் போவது தெரியாது. நான் பேசுவதை இடையில் மறிக்காமல் கேட்ட ஆண்பிள்ளையை அதுவரை நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் கார் மறுபடி கெட்டுப்போகும். நாலாவது தடவை கிளிப்பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு கிளம்பினேன். மைனி படியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"எட்டீ நாச்சியாரு, கார் ரிப்பேருக்கு எதுக்குட்டீ பிச்சிப்பூ?"

"வெயிலுக்குக் குளிர்ச்சியாக்கும்" என்றேன். மைனி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

போன புதன்கிழமை அவர் சாயா வரவழைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு காரியம் சொல்லணும் மேடம். இந்தக் கார்ல ஒரு நட்சத்திர அடையாளம் உண்டு. அதை உங்க ஃபோன் பக்கத்துல வச்சு அமுக்கினா, யாரு பக்கத்துல இருந்தாலும் கார் முதல்ல உங்களைத்தான் தேடும். ரெண்டாவது நாளே எனக்கு அது தெரியும்."

"பின்னே ஏன் செய்யல்ல?"

"செஞ்சா நீங்க வரமாட்டியள்லா."

இந்த இடத்தில் நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு அண்ணனும் மைனியும் அலுத்துப்போய்க் காரை மறந்துவிட்டார்கள். தினமும் காலையில் அவர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு சந்துக்கு இறங்கிப்போய்க் காரில் மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தது நான்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா?

"இப்பம் போட்டுத் தரட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். இந்த வேண்டாம் பிறகு என்னை என்ன பாடு படுத்தியது!

அவர் தொடர்ந்தார். மஸ்கட்டில் அவருடைய அத்தான் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வா வா என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறார். பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் கொடுக்க வெள்ளிக்கிழமை ஐந்து மணிதான் கடைசி. "வெள்ளிக்கிழமை அஞ்சுக்கு முன்னால உங்களை ஒரு தடவை கூப்பிடுவேன். எடுத்துப் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போகமாட்டேன். எடுக்கல்லன்னா அதையே பதிலா எடுத்துக்கிடுவேன். ரெண்டாவது தடவை கேக்க எனக்குத் தைரியம் கிடையாது."

நாலு தெருவுக்குக் கேட்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். முதலில் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ராஜமணி வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் ஜெபம் பண்ணுகிறவர், நாங்கள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். முப்பத்து நாலு வயதில் நான் இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று விரட்டிய பிறகு அண்ணன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வியாழக்கிழமை முழுக்க அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "என்ன, பல்வலியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலராமபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோக வேண்டும். வேனை டிரைவர் ஷிபு ஓட்டினான். பாத்திரங்களை ஒப்படைக்க மைனி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் காரில் தனியாகப் போய்க்கொள்கிறேன், வழியில் அழைப்பு வந்தால் நிம்மதியாகப் பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். "வேன்ல வேகுது, எனக்கு ஏசி வேணும்" என்று சொல்லிக்கொண்டு அண்ணன் எனக்கு முன்னால் காரில் ஏறிவிட்டான். கார் அவன் ஃபோனைப் பிடித்துக்கொண்டது.

கரமனைப் பாலத்தில் பிளாக். முன்னால் பஸ், பக்கத்தில் பஸ், பின்னால் ஒட்டினாற்போல் எங்கள் வேன். நகரவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. மணி நாலு நாற்பத்திரண்டு. என் ஃபோன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். நான் அந்த எண்ணைக் கார் ரிப்பேர் என்றுதான் பதிந்து வைத்திருந்தேன்.

"கார் ரிப்பேரு கூப்பிடுகாரு. பொறவு பேசலாம்" என்று அதைக் கட் பண்ண விரலை நீட்டினான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

அண்ணன் பயந்து கையை இழுத்துக்கொண்டான். "என்னட்டீ? வேணும்னா காதுல வச்சுத் தரட்டா?" என்றவன், மேலே பார்த்தான். கம்பத்தில் கேமரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "வேண்டாம். ஒரு படம் போதும்."

"அண்ணே, உன் ஃபோனைக் கார்லேந்து விடு. என் ஃபோனைச் சேரு. சீக்கிரம்!"

"அப்படி என்ன தலைபோற காரியம்?"

அதிர்வு நாலாவது தடவை வந்தது. இனி பல்வலி என்று சொல்ல நேரமில்லை.

"அவரு மஸ்கட்டுக்குப் போகப்போறாரு. நான் போகாதீங்கன்னு சொல்லணும்."

"நீ ஏன் சொல்லணும்?"

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அண்ணே. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு ஃபோன்களோடும் போராட ஆரம்பித்தான். பச்சையை அமுக்கினான். அழைப்பு எடுத்தாகிவிட்டது. என் ஃபோனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தான். "ரெண்டு தளவாய் இருக்கு, எதை அமுக்க?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை அமுக்கிவிட்டான்.

"கனெக்ட் ஆயாச்சு. பேசு."

"ஹலோ!" என்றேன். சத்தமே இல்லை. ஃபோனில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, முப்பது நொடி, நாற்பது நொடி. "ஹலோ, கேக்குதா? போகாதீங்க! நான்தான், போகாதீங்க!" என்று கண்ணாடி மூடிய காருக்குள் கத்தினேன். பக்கத்துப் பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரே தடவை கேட்பார். அந்த ஒரு தடவையும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து எங்கள் வேனின் ஹாரன் விடாமல் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால், மைனி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடி வருகிறாள். வந்து என் கதவைத் தட்டினாள்.

"எட்டீ நாச்சியாரு! வேன்ல பாட்டு நின்னு ஒரு ஆளு பேசுகாரு!"

அண்ணன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். "ஓ. அது வேன் தளவாயா?"

"என்ன பேசுகாரு மைனி?" கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

"மொத மொதலா நீ வந்து சத்தம் போட்டப்பமே பிடிச்சுப்போச்சாம். எட்டு வருஷமா அந்த வொர்க்‌ஷாப்புல யாரும் ஒரு சத்தமும் போட்டது கிடையாதாம். ஷிபு கண்ணைத் துடைச்சிட்டு இருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? கேட்டது உன்னையாக்கும், சொல்ல வேண்டியதும் நீ. லைன்ல நில்லும், ஆளு முன்னால உள்ள வண்டில இருக்கா, கூட்டிட்டு வாறேன்னேன். எறங்குட்டீ!"

கதவைத் திறந்து குதித்தேன். செருப்பு ஒன்று காரிலேயே கிடந்துவிட்டது. மைனி பின்னால் ஓடி வர, வேனில் ஏறி, கியருக்கும் ஷிபுவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு ஸ்டீரியோவுக்கு முன்னால் முகத்தை வைத்தேன். பின்னால் அண்டாக்கள் கணகணவென்று ஆடின. ஸ்டீரியோவில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ராஜமணி!"

"நாச்சியாரா?" என்றார். அதுவரை அவர் என்னை மேடம் என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. பாலம் திறந்துவிட்டது. ஷிபு மலையாளத்தில் பதறினான். "சேச்சீ, கார் முன்னோட்டு போயால் கட்டாவும்!" என் ஃபோன் காரில் அண்ணன் கையில் இருக்கிறது. கார் பத்தடி தள்ளிப் போனால் இங்கே ஸ்டீரியோ செத்துவிடும். எங்களுக்குப் பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அண்ணன் இதற்குள் டிரைவர் சீட்டுக்கு மாறியிருந்தான். ரோட்டில் யாராவது ஒரு ஹாரன் அடித்தாலே கூசி ஒதுங்குகிற ஆள் அவன். ஒதுங்கிவிடுவான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கி, என் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்கு நேராக, நடு ரோட்டில் நின்றான்.

"என் தங்கச்சி பேசுகா! ரெண்டு நிமிஷம் பொறுங்கடே!"

இதைப் பார்த்த பிறகு எனக்கு என்ன வெட்கம்? "நான்தான் பேசுகேன்" என்றேன். "இங்க ஷிபு இருக்கான், மைனி இருக்கா, அண்ணன் வெளிய நிக்கான், கரமனைல உள்ள எல்லாரும் இருக்காங்க. போகாதீங்க. மஸ்கட்டுல உங்களைத் திட்ட யாரு இருக்கா?"

"சரி" என்றார் ராஜமணி. "பாஸ்போர்ட்டை அலமாரில வைக்கேன்."

பக்கத்தில் பைக்கில் இருந்த ஒருவன் கை தட்டினான். ஷிபு பாலம் முடிகிறவரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஒரு காலில் செருப்போடு காருக்கு ஓடி, மறுபடி டிரைவர் சீட்டில் ஏறினேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் ஏறி ஃபோனை என் மடியில் வைத்தான். கைமனம் தாண்டியதும் கேட்டான்.

"வேதக்காரராக்கும்?"

"ஆமா."

"ம்" என்றான். பாப்பனங்கோட்டில், "நிறுத்து" என்றான். மணி ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

ராஜமணி வொர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நேராக அவரிடம் போனான். நான் பின்னால் போனேன். ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டுவிட்டால்? கேட்டுவிட்டு, வீட்டுக்கு வா என்று என்னை இழுத்தால்? ராஜமணி கை கூப்பினார். அண்ணன் கை கூப்பவில்லை. கையை நீட்டினான்.

"உம்ம ஃபோனை எடும்."

ராஜமணி ஒன்றும் புரியாமல் கொடுத்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"நீதானே எல்லாத்துக்கும் வைப்ப. வை."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஆயிரக்கணக்கான அண்டாவில் கோணாமல் பெயர் வெட்டிய கை, நாலு எழுத்தை அடிக்க மூன்று தடவை தப்பு விட்டது. தளவாய். சேமி. ராஜமணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை முழுக்கக் கிரீஸ் என்பதால் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கார்லயும் சேத்துக்கிடும்" என்றான் அண்ணன். "சேத்துட்டு ஷட்டரைப் போட்டுட்டு வாரும். பாலராமபுரத்துல அண்டா இறக்க ஒரு ஆள் கொறையுது."

ராஜமணியே தன் ஃபோனைக் காரில் சேர்த்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியைக் கிளப்பினேன். கார்த் திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, தளவாய் இணைந்தது என்று காட்டியது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரவர் ஃபோனை எடுத்துப் பார்த்தோம்.